ஒரு பக்கத் தேய்மானம்

இந்த அறை நல்ல வெதுவெதுப்பாக இருக்கிறது. என் ஒர்க்‌ஷாப்பில் ஹீட்டர் ஒரு மூலையை மட்டும்தான் சூடாக்கும். அந்த மூலையை நிமலனுக்குக் கொடுத்திருந்தேன். நான் அவரை எப்படி வைத்திருந்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கிளென்ஃபீல்டில் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை என்னுடையது. ஈப்போவிலிருந்து இங்கே வந்த நாள்முதல் இதுதான் தொழில். இந்த நாட்டில் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களைத் தடை செய்த பிறகு, காட்டாடுகளைச் சுட்டுக் கட்டுப்படுத்தும் காண்ட்ராக்டர்கள் சிலர் மட்டும் தனி அனுமதியோடு அவற்றை வைத்திருக்கிறார்கள். அவர்கள் என் கடைக்கு வருவார்கள். சரியாகச் சொன்னால், நிமலனிடம் வருவார்கள். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. மகன் ஜஸ்வின் பிரிஸ்பேனில் இருக்கிறான். போன் செய்தால், "ஐ'ம் அட் வொர்க், டாட்" என்பான். கடை நடந்தது நிமலனால்தான்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் மனுகாவில் இன்ஜினியரிங் டிப்ளமா படித்தவர். வேலை விசா என் கடையின் பெயரில். வீட்டுக்குப் பின்னால் இருந்த தனி அறையை அவருக்குக் கொடுத்தோம். என் மனைவி ஜோசபின் சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்பாள்.

போன வருடம் ட்ரெவர் என்ற காண்ட்ராக்டர் தன் ரைஃபிளைக் கொண்டுவந்தார். அடிக்கடி சிக்கிக்கொள்கிறது என்றார். அந்த வகை ரைஃபிளில் தோள்பக்கம் ஒரு குழாய் இருக்கும். சுட்டதும் பின்னால் பாய்கிற இரும்பைத் தாங்கி மறுபடி முன்னே தள்ள, அந்தக் குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு கட்டையும் ஓடும். பஃபர் என்போம். நிமலன் அதைக் கழற்றி விளக்கடியில் பிடித்தார்.

"அண்ணை, இதைப் பாருங்கோ. சுத்திவரத் தேயவேண்டியது ஒரு பக்கம் மட்டும் தேஞ்சு கிடக்கு. குழாய் சரியா இறுகேல்லை. அதான் கட்டை சரிஞ்சு உரசுது."

"மாத்திடு தம்பி" என்றேன்.

புதுப் பாகங்கள் போட்டு, குழாயை இறுக்கி, கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களோட ஒண்டு கதைக்கோணும் அண்ணை. மனுகாவில ஒரு இடத்தில வேலை தாறம் எண்டு சொல்லினம். விசாவும் அவையே எடுத்துத் தருவினமாம். நிலானிக்கும் பக்குரங்காவிலதானே வேலை. கலியாணத்துக்குப் பிறகு அந்தப் பக்கமே வீடு பாக்கலாம்."

"நல்லதுதான்லா தம்பி" என்றேன். நான் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. ஜோசபினைக் கேளுங்கள்.

சனிக்கிழமை அவர் நிலானியைப் பார்க்கப் போயிருந்தபோது, ட்ரெவரின் ரைஃபிளை எடுத்து அந்தக் குழாயைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தேன். அந்த வேலைக்குக் கண் தேவையில்லை, கைக்குத் தெரியும். மறுபடி சிக்கும், மறுபடி வரும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். தன் கைவேலையிலும் பிழை வரும் என்று ஒருவர் தெரிந்துகொள்வது நல்லதுதானே.

ரைஃபிள் திரும்பி வந்தது. புதுக் கட்டையும் அதே பக்கம் தேய்ந்திருந்தது. நிமலன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காரணம் தேடுவதில் அவர் கெட்டிக்காரர்; ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து கடைசியில் தன்னிடமே போய் நின்றார்.

"என்ர கைப்பிழைதான் அண்ணை."

"யாருக்கும் வரும் தம்பி. நான் வெளியே சொல்லமாட்டேன்."

அதன்பிறகு வேறு சில ரைஃபிள்களும் அப்படியே திரும்பி வந்தன. மனுகாவுக்குப் போன் செய்து, வரவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லுங்கள் என்று நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு வேலையையும் முடித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து, "ஒருக்காப் பாருங்கோ அண்ணை" என்பார். என் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். ஆனாலும் வாங்கிப் பார்த்துத் தலையாட்டுவேன். அந்த மாதங்கள் நன்றாக இருந்தன.

பிறகு நிலானி கடைக்கு வந்தாள். நிமலன் முன்னாலேயே கேட்டாள்.

"அங்கிள், இவர் ஏன் இப்பிடிப் பயப்பிடுறார்? நீங்களே சொல்லுங்கோ, இவருக்குத் தெரியாத வேலையே இது?"

தெரிந்த வேலைதான் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அதன்பிறகு நிமலன் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தார். மனுகாவில் மறுபடி கேட்டுப் பார்க்கப்போவதாக ஜோசபினிடம் சொல்லியிருக்கிறார். அந்த வாரம் ட்ரெவரின் ரைஃபிள் சர்வீஸுக்கு வந்தது. முன்பு தளர்த்திய அளவு போதவில்லை என்று எனக்குத் தோன்றியது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். கட்டையைப் பிடித்திருக்கும் சின்ன ஊசி உடைந்து, துண்டு விசைக்குள் விழுந்திருக்கிறது. ட்ரெவர் சிக்கலை எடுக்கப் பார்க்கும்போது வெடித்துவிட்டது. அவரோடு வேலை செய்த ஹேமி முன்னால் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். ஹேமி எங்கள் கடையில் டீ குடித்திருக்கிறார். மரியாதையான மனிதர்.

இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். முதல் நாளே, அந்தத் தேய்ந்த கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிமலன் சொன்னார்: "இதை இப்பிடியே விட்டா ஊசி முறிஞ்சு உள்ள விழும் அண்ணை. ஆளைக் கொல்லும்." நான் பக்கத்தில்தான் நின்றேன். காது எனக்கு நன்றாகக் கேட்கும்.

உங்கள் ஆட்கள் வந்தபோது, தன் பிழைதான் என்று நிமலனே சொல்லிவிட்டார். நான் அவருக்கு லாயர் வைத்துக் கொடுத்தேன். தனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று நிலானியிடமும் சொல்லிவிட்டார். அறையைவிட்டு வெளியே வருவதில்லை. சோற்றை வைத்தால் பாதி அப்படியே இருக்கும். ஜோசபின் அழுதாள். வீட்டில்தானே இருக்கிறார், சரியாகிவிடும் என்றேன்.

போன வாரம் கடைச் சாவியை என் முன்னால் வைத்தார்.

"நான் ஊருக்குப் போறன் அண்ணை. லோயரிட்டக் கேட்டன். என்னில வழக்குப் போடேல்லையாம், போகலாமாம். டிக்கெட் எடுத்திட்டன்."

"இங்க உனக்கு என்னா குறை தம்பி?"

"ஒரு குறையும் இல்லை. நீங்கள் எனக்குச் செய்ததை நான் மறக்கமாட்டன்."

அவரைத் தடுக்க என்னிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை. அதனால்தான் இன்று இங்கே வந்தேன். மனசாட்சி என்று எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

ட்ரெவரின் ரைஃபிளைத் தளர்த்தியது நான். மற்ற ரைஃபிள்களையும் நான்தான் தளர்த்தினேன். ஹேமி செத்தது என்னால். நிமலன் கைவேலையில் ஒரு பிழையும் இருந்ததில்லை. அதை அவர் கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். இந்த மாதிரி வழக்குகள் முடிய வருடக்கணக்காகும் என்கிறார்கள். அதுவரை சாட்சியை நாட்டைவிட்டுப் போக விடமாட்டீர்கள்தானே?