அடுத்த மூச்சுக்கு இன்னும் நேரமாகவில்லை

எனது பெயர் ஐலீன் லெஹ்தினன். வயது அறுபத்து மூன்று. காலஞ்சென்ற ரைமோ லெஹ்தினனின் மனைவி. ஆன்டாரியோ மாகாணம், தண்டர் பே நகரம், ஆல்கோமா தெருவில் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் கணவரின் மரணம் குறித்து சார்ஜென்ட் கிரீலி விசாரிக்க, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் பின்வருமாறு சொல்கிறேன்.

என் கணவர் கெர்னலில் வேலை பார்த்தவர். கெர்னல் என்பது கணினியின் அடியில் இருந்துகொண்டு மற்ற எல்லா நிரல்களையும் கட்டி மேய்க்கும் நிரல். உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து எழுதுவது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதில் இவர் பார்த்தது கடிகாரப் பகுதி. முப்பது வருடம் கூட இருந்து கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி தெரியும்.

முன்பு சந்தைக்கு வந்த ஒரு மலிவுச் சிப்பில் கடிகாரம் கோளாறாக இருந்தது. காரில் ஓடிய தூரத்தைக் காட்டும் எண்கள் 1999 என்பதிலிருந்து 2000 என்று உருளும்போது, பாதி உருளலில் பார்த்தால் 2999 என்று தெரியும் அல்லவா, அதுபோல இந்தச் சிப்பும் எப்போதாவது இன்னும் வராத நேரத்தைச் சொல்லிவிடும். விற்றுப்போன சிப்பைத் திருத்த முடியாது. ஆகவே என் கணவர் கெர்னலில் சில வரிகள் சேர்த்தார். கடிகாரத்தை இரண்டு முறை படி, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் நம்பு, இல்லையென்றால் மறுபடி படி என்பதுதான் அந்த வரிகள் சொன்னது. அதைக் கண்டுபிடிக்கும்வரை அவர் சாப்பாட்டு மேசையில் என்னோடு பேசவில்லை. நான் கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன். நான் போனதே அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது.

அதன் பிறகு அவருக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் என்று தெரிந்து வேலையை விட்டார். அவருடைய பகுதியை டேரல் அகவா என்பவர் ஏற்றுக்கொண்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. டேரலை நான் அவன் இவன் என்றே சொல்லிப் பழகியவள், அப்படியே எழுதிக்கொள்ளும்படி சார்ஜென்டிடம் சொன்னேன்.

இவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய வரிகளை எடுப்பதற்கு முன், எல்லோரும் படிக்கும் மின்னஞ்சல் பட்டியலில், இது இன்னும் யாருக்காவது வேண்டுமா என்று கேட்பார்கள். யாரும் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் வேண்டாம் என்று பொருள். இரண்டு குளிர்காலத்துக்கு முன் டேரல் அந்தச் சிப்பைப் பற்றி அப்படிக் கேட்டான். ஒரு பதிலும் வரவில்லை. இருந்தும் மனசு கேட்காமல் எங்கள் ஊரில் பெர்ஷியன் என்று சொல்லும் இனிப்பு பன் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"விட்டு வச்சா என்ன கெட்டுப்போகுது ரைமோ? உங்க வரிங்க பாட்டுக்குச் சும்மா கெடக்கு" என்றான்.

"சும்மா கெடக்கறதுலதான்டா நாளைக்கு வர்றவன் தடுக்கி விழுவான். செத்த மாட்டுக்கு யாராவது புல்லு புடுங்கிப் போடுவாங்களா? எடுத்துத் தள்ளு."

"நீங்க எழுதினதாச்சே."

"நான் எழுதினா அது என்ன கல்வெட்டா? நானே கெளம்பறேன், அது மட்டும் எதுக்கு?"

பேச்சைப் பார் என்று நான் அடுப்படியிலிருந்து அதட்டினேன். டேரல் பன்னைப் பிய்த்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். அதன் பிறகு என் கணவர் வேலை செய்த ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தன் சம்மதத்தைப் பட்டியலுக்கு எழுதி அனுப்பினார். டேரல் தயங்கினான், சம்மதம் கொடுத்தவர் என் கணவர். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

அதற்கடுத்த இலையுதிர் காலத்தில் அவருக்கு மூச்சு இயந்திரம் வந்தது. கொண்டுவந்து மாட்டிய கம்பெனி ஆளிடம் என் கணவர் முதலில் கேட்ட கேள்வியே உள்ளே என்ன சிப் என்பதுதான். அதெல்லாம் வெளியே சொல்லக்கூடாது என்றார் அவர். அவர் போன பிறகு என் கணவர், "உள்ள என்ன இருக்குன்னே சொல்லாத பெட்டிகிட்ட என் மூச்ச அடகு வச்சிருக்க ஐலீன்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே இருந்தது அந்தப் பழைய சிப்தான் என்று எங்களுக்குத் தெரியாது. கம்பெனி கிடங்கில் வாங்கிக் குவித்திருந்ததை வேறு பெயர் போட்டுப் பொருத்தியிருக்கிறார்கள். பட்டியலில் டேரல் கேட்டபோது அவர்கள் வாய் திறக்கவில்லை. எழுதுகிறவர்களோடு அவர்கள் ஒருநாளும் பேசியதில்லை, எடுத்துக்கொள்வதோடு சரி.

இந்த வருடம் மார்ச் மாதம் அதே ஆள் வந்து இயந்திரத்தில் புதிய மென்பொருளை ஏற்றினார். பழையதைவிட நல்லது என்றார். நான் காபி கொடுத்தேன். அந்தப் புதியதில் இருந்த கெர்னலில் என் கணவரின் வரிகள் இல்லை.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் என் கணவர் ஜன்னலோர நாற்காலியில் முகமூடியோடு கண்ணயர்ந்திருந்தார். டேரல் ஹாக்கி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தான். படியில் புதுப்பனி கிடந்ததால் நான் மண்வாரியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். குழாய் கொஞ்சம் நழுவினாலே இயந்திரம் ஊரைக் கூட்டும், பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைக்கும். அதை நம்பித்தான் போனேன். பனி ஈரமாக, கனமாக இருந்தது. நாயும் குரைக்கவில்லை. அதன் பிறகு உள்ளே வந்து பார்த்தபோது இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முகமூடி சரியாக இருந்தது. என் கணவரின் கண்கள் திறந்து, கதவைப் பார்த்தபடி இருந்தன. என்னைக் கூப்பிட அவருக்குக் குரல் இருக்கவில்லை. அதன் பிறகு டேரலின் கார் வந்து நின்றது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தான். வந்தவர்கள்தான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

அடக்கம் முடிந்த பிறகு டேரல் அந்த இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் நின்றபடி சொன்னான். இயந்திரம் பழுதாகவில்லை. ஒரு தடவை தப்பாகப் படித்த, இன்னும் வராத நேரத்தை நம்பி, அடுத்த மூச்சை அதற்கும் பின்னால் குறித்துவிட்டது. அடுத்த மூச்சுக்கு இன்னும் நேரமாகவில்லை என்று காத்துக்கொண்டிருந்தது. அலாரமும் அதே கடிகாரத்தைப் பார்ப்பதால் அதுவும் காத்துக்கொண்டிருந்தது.

"நான்தான் கொன்னுட்டேன் ஐலீன்" என்றான்.

நான் அவனை வெளியே போகச் சொன்னேன். ஆம், சொன்னேன். அன்று எனக்கு யாரையாவது வெறுக்க வேண்டியிருந்தது, எதிரில் நின்றவன் அவன்தான். அதன் பிறகு கம்பெனி வக்கீல் வந்து, வரிகளை நீக்கிய ஆளின் மேல்தான் குற்றம், வழக்குப் போட உதவுகிறோம் என்றார். எழுந்து போங்கள் என்றேன். கேட்டவன் குற்றவாளி, கேட்டும் வாய் மூடி இருந்தவன் யோக்கியன் என்றால் இது என்ன நியாயம்? மறுநாள் காலை நானே டேரல் வீட்டுக்குப் போனேன். தாடி வளர்ந்து, அறைக்குள் திரை போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா என்னைப் பார்த்ததும் வழிவிட்டார்.

"எழுந்திரு. ரைமோவோட வரிங்கள திரும்பப் போடு. அந்தப் பெட்டிய நம்பி இன்னும் எத்தன பேர் படுத்திருக்காங்களோ" என்றேன்.

அவன் அங்கேயே உட்கார்ந்து போட்டான். எனக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டான். முடிக்கும்போது கை நின்றுவிட்டது. பிழை திருத்தும் போதெல்லாம் அதைக் கண்டு சொன்னவர் பெயரைக் கீழே எழுதுவது இவர்கள் வழக்கம்.

"யார் பேரப் போடறது?" என்று கேட்டான்.

"யார் கண்டாங்களோ அவர் பேர."

கண்டு சொன்னவர் ரைமோ லெஹ்தினன் என்று எழுதினான். அதன் கீழே தன் பெயரை எழுதிவிட்டுக் குழந்தைபோல் அழுதான். நானும் அழுதேன்.

டேரல் அகவாவின் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. என் கணவருக்கும் இருந்திருக்காது. சார்ஜென்ட் கிரீலி இதையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டினார். டேரலைப் பற்றி நான் சொன்ன இடத்தை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னேன். இரண்டு முறையும் ஒன்றாகவே இருந்தது. ஆகவே நம்பிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஐலீன் லெஹ்தினன்