நடிகர் அழுத காரணம்

நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்த புதிது. காஜா பெராங் நிறுத்தத்தில் நான் பேருந்து ஏறியபோது, முன்னிருக்கையில் இருந்த பெரியவர் பக்கத்தில் இருந்த தன் தங்கையிடம், "அன்னிக்கு நான் அழுதது நடிப்பு இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. இருபது வருடம் தமிழ் நாடக மேடையில் ராஜா வேடம் கட்டிவிட்டு, இப்போது தொலைக்காட்சிக்குப் போனவர்.

"என்னண்ணே சொல்றீங்க? மகன் செத்த சேதி கேட்டு வாயடைச்சு நின்னீங்களே, மண்டபத்துல டிவி பார்த்த சனம் பூரா அழுதுச்சு."

"வசனம் மறந்துபோச்சு. நாடகம் நேரா ஒளிபரப்பாவுது, திரும்ப எடுக்க முடியாது. மேடைன்னா எதிர்ல இருக்கிற ஒரு முகத்தைப் பார்ப்பேன், வசனம் வந்துடும். அங்க கேமராதான் இருக்கு. பயத்துல கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"டிவிக்காரங்ககிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? நல்லா நடிச்சேன்னு நாளைக்குப் பெரிய வேஷம் கொடுத்திருக்காங்க. மூணு பக்கம் நான் மட்டுமே பேசணும்."

தங்கை அவர் கையிலிருந்த தாள்களை வாங்கிக்கொண்டார். "சொல்லுங்க, நான் பார்க்கிறேன்."

பெரியவர் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். பண்டார் ஹிலிர் நிறுத்தம் வரும்வரை ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

"எல்லாமே ஞாபகம் இருக்கே. அப்புறம் என்னண்ணே பயம்?"

அவர் தாள்களை வாங்கி மடித்தார்.

"அன்னிக்கும் பஸ்ல போறப்ப எல்லாமே ஞாபகம் இருந்துச்சும்மா."