என் வாசல் மறித்த தண்ணீர்

பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால், நம் வாசல்களை ஒட்டி ஏரிக்கு ஓடிய கால்வாயைக் கொன்றார்கள். ஏரிக்கரைப் பக்கம் மனை பிரித்து விற்றவர்கள், கட்டட இடிபாட்டை லாரி லாரியாகக் கொட்டி, இருநூறு அடி நீளத்துக்கு அதை மேடாக்கினார்கள். பட்டப்பகலில் கொட்டினார்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். இந்த அநியாயத்தைச் சொன்ன பிறகே வணக்கம் சொல்வேன் என்று தலைவரிடம் முன்பே அனுமதி வாங்கிவிட்டேன்.

இப்போது வணக்கம்.

நலச்சங்கத் தலைவர், மாண்பும் மனத்திண்மையும் மிக்க ரேணுகாம்பாள் அம்மையார் அவர்களே! ராஜகீழ்ப்பாக்கத்தின் மூத்த பெருமக்களே! சேறு படிந்த சேலையோடு அப்படியே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கேளம்பாக்கத்துக் கணினி அலுவலகங்களிலிருந்து விடுமுறையை விட்டுக்கொடுத்து வந்து, உள்ளங்கையில் கொப்புளம் வாங்கிக்கொண்ட பிள்ளைகளே! மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு மண்வெட்டி தூக்கிய செல்லியம்மாள் அவர்களே! உங்கள் அழுக்கான கால்களுக்கு என் வணக்கம்.

நான் பள்ளிக்கூடம் அதிகம் பார்த்தவன் அல்ல. சட்டப் புத்தகம் வாங்கி நானே படித்தேன். மனு எழுத நானே கற்றேன். அறுபத்து மூன்று மனுக்கள்! எந்த மேசை அசைந்தது? எந்த நாற்காலி எழுந்தது? காகிதம் அசைக்காத மண்ணை, நேற்று ஒரே நாளில் உங்கள் கைகள் அசைத்தன. இருநூறு அடி இடிபாடும் வெளியே வந்தது. என் வயதில் கண்ணீர் வந்தால் கண்புரை என்று சொல்லித் தப்பிக்கலாம். நேற்று நான் தப்பிக்கவில்லை.

கைதட்டாதீர்கள், பொறுங்கள். கதை இன்னும் முடியவில்லை.

இன்று காலை வந்து பார்த்தோம். கால்வாய் திறந்து கிடக்கிறது, தண்ணீர் நகரவில்லை! செல்லியம்மாள் வீட்டுத் தெருவில் கறுப்பாக அப்படியே நிற்கிறது. ஏரிப் பக்கம் இன்னும் ஆழமாகத் தோண்டச் சொன்னேன். தோண்டினீர்கள். நகரவில்லை. மறுபடியும் தோண்டச் சொன்னேன். அப்போதுதான் கொத்தனார் ஜோஷ்வா, சுவரில் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை எடுத்துக்கொண்டு, தெருமுனையிலிருந்து அடி அடியாகத் தண்ணீர் ஓடும் வாட்டம் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கே வந்து நின்றார் தெரியுமா? என் வீட்டு வாசலில்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. மேட்டர் இங்கதான் கீது. உங்க ராம்ப்பு கால்வாய்க்குள்ள ஒரு அடி இறங்கிக்கீது."

பெருவெள்ளத்துக்குப் பிறகு, வண்டி ஏற்ற நான் போட்ட ராம்ப். அடியில் நான்கு அங்குலக் குழாய் ஒன்றை வைத்து, ஒரு கால்வாய்க்கு இது போதும் என்று தீர்ப்பு எழுதியவன் நான். பின்வரிசையில் சிரிப்பவர்களே, உங்கள் வாசலிலும் அதே குழாய்தான்! அந்த ராம்ப்பின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான், கால்வாயை அடைத்தவர்கள் மீது மனு எழுதினேன்.

ஒப்புக்கொண்டேனா? இல்லை. "டியூபில் காற்று நுழைந்திருக்கும், மறுபடி பார்" என்றேன். மூன்று முறை பார்த்தார். மூன்று முறையும் என் வாசல். "உடைக்க விடமாட்டேன், எனக்கு மூட்டுவலி, வண்டி ஏற்ற முடியாது" என்று குறுக்கே நின்றேன்.

அப்போது செல்லியம்மாள் வந்தார். ஒவ்வோர் ஐப்பசியிலும் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து, அந்தக் கட்டிலில் படுத்த கணவரோடு தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் அம்மா.

"இன்னா பெருசு, ராம்ப்பு இல்லாங்காட்டி உன் வண்டி வெளியில நிக்கும். இந்த வருசமும் தண்ணி வந்துச்சின்னா நான் வூட்டயே வித்துட்டு கோவளத்துக்குப் பூடணும். எது பெருசு, நீயே சொல்லு."

சம்மட்டியைக் கேட்டு வாங்கினேன். மூன்று அடி என்னுடையது, மீதி ஜோஷ்வாவுடையது. "சார், நீங்க அடிச்சதுல கீறலே உழல" என்று அவர் சொன்னதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பதினொரு மணிக்குத் தண்ணீர் நகர்ந்தது. ஒரு நீல பாட்டில் மூடி மிதந்து, என் வாசலைக் கடந்து, ஏரியைப் பார்த்துப் போனது. செல்லியம்மாள் கரையோரமாக அதனுடனேயே நடந்து போனார். குற்றம் செய்த கையில் சம்மட்டியைக் கொடுத்தீர்கள். குத்திக்காட்டும் சொல் ஒன்றுகூடச் சொல்லவில்லை. அதற்கு நன்றி. தோண்டிய கைகளுக்கு நன்றி. டியூபைப் பிடித்த கைகளுக்கு நன்றி.

இடிபாட்டைக் கொட்டியவர்களை மன்னித்தேன் என்று நினைக்காதீர்கள். அறுபத்து நான்காவது மனு நாளை போகிறது. என் குற்றம்தான் அதில் முதல் வரி. இனி ஆக வேண்டியவை: கால்வாயின் எல்லைக்கு அதிகாரிகள் கல் நட வேண்டும். கொட்டியவர்கள், நாம் தோண்டிக் குவித்த இடிபாட்டைத் தங்கள் லாரியிலேயே அள்ளிப் போக வேண்டும். நம் தெருவின் மீதி முப்பத்தொரு ராம்ப்புக்கும் ஜோஷ்வா டியூப் பிடிக்க வேண்டும். மறித்து நிற்பதை அந்தந்த வீட்டுக்காரரே உடைக்க வேண்டும். வாராவாரம் என் வாசலில் சேரும் குப்பையை நான் அள்ள வேண்டும். செல்லியம்மா, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஐப்பசியின் முதல் மழை இரவில், கட்டிலுக்கடியில் இருக்கும் அந்தச் செங்கற்களை எடுத்துவிட்டுத் தூங்க வேண்டும்.

சேற்றோடு வந்தவர்கள் சிறப்போடு வீடு திரும்புங்கள். வணக்கம்.