திரை வெள்ளையாக இருந்த நேரம்

என் பெயர் ஹன்னா. தகப்பனார் பெயர் ஜாபேஸ். வயது 26. குன்னூரில் ரயில் நிலையத்துக்கு மேலே வாடகை வீட்டில் வசிக்கிறேன். தத்துவத்தில் முதுகலை படித்திருக்கிறேன். இம்மலையிலுள்ள கிளைச் சிறையில் ஒப்பந்த அடிப்படையில் கேமராத் திரைகளைக் கண்காணிக்கும் வேலை செய்துவந்தேன். கைதி சசிதரன் தப்ப முயன்றதாகச் சொல்லப்படும் வழக்கில் விசாரிக்கப்பட்டு இதைச் சொல்கிறேன்.

சசிதரன் விசாரணைக் கைதி. நடுவட்டம் பக்கத்து எஸ்டேட் தொழிலாளி. அவருடைய ஜாமீன் மனு, சம்பவம் நடந்ததற்கு அடுத்த வாரம் விசாரணைக்கு வர இருந்தது. கடந்த ஜூலை 11 அன்று காலையில் அவருடைய தாயார் இறந்த செய்தி வந்தது. அடக்கத்துக்குப் போக அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. அதன் பிறகு அறைக்குத் திரும்பி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கைதியின் முகம் திரையில் தெரிய வேண்டும் என்பது விதி. நான் ஒலிபெருக்கியில் துண்டை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். கேமராவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் கைதிகள் முற்றத்தில் இருந்தபோது, மிஸ்ட் என்று இங்கே சொல்லும் மூடுபனி இறங்கியது. மதில் திரையில் தெரியாமல் போனால் நான் மணி அடிக்க வேண்டும், கைதிகள் அறைக்குள் போய்விட வேண்டும். அதன்படி மணி அடித்தேன், அதன் பிறகு தலை எண்ணியதில் ஒருவர் குறைகிறார் என்று வார்டர்கள் சத்தம் போட்டு மதில் பக்கம் ஓடினார்கள். திரையில் வெள்ளை. வேறொன்றும் இல்லை.

மிஸ்ட் மெலிந்தபோது முற்றத்தின் நடுவிலுள்ள சிமெண்ட் பெஞ்சு தெரிந்தது. அதில் சசிதரன் கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. இத்தகைய நேரத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நான் பெரிதாக்கவில்லை. ஏன் என்று கேட்கப்பட்டது. பார்த்த வரைக்கும் போதும் என்று தோன்றியது.

அதன் பிறகு தலைமை வார்டர் பொன்னுத்துரை வந்து அவரைக் கையைப் பிடித்து எழுப்பினார். பேச்சு ஒலிவாங்கியில் கேட்டது.

"நான் ஓடலைங்க ஐயா. யாரும் பாக்காம கொஞ்ச நேரம் இருந்துக்கிட்டேன்" என்றார் சசிதரன்.

"தனியா இருக்கோணும்னா ஊட்ல போயி இருந்துக்க" என்றார் பொன்னுத்துரை. மற்ற வார்டர்கள் சிரித்தார்கள்.

மாலையில் பொன்னுத்துரை என்னிடம் வந்தார். கைதி மதிலில் ஏறப் பார்த்து, முடியாமல் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்ததாக அறிக்கை போகிறது என்றும், ஏறியதை நான் திரையில் பார்த்ததாக எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னார். திரை வெள்ளையாக இருந்தது என்றேன்.

"ஏனுங்க, இத்தன கேமராவ மாட்டி வெச்சு மிஸ்ட்டுதான் தெரிஞ்சுதுன்னு மேல சொல்ல முடியுங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் எழுதித் தரவில்லை. மறுநாள் ஒப்பந்ததாரர் போன் செய்து, இனி வர வேண்டாம் என்றார். இந்த வழக்கு உண்மையென்று ஆகிவிட்டால் சசிதரனுக்கு ஜாமீன் கிடைக்காது என்று அவருடைய மனைவி ரஞ்சனி சொல்லி அறிகிறேன்.

அவர் மதிலில் ஏறினாரா என்று கேட்கப்பட்டது. அந்த நேரத்தில் நான் எதையும் பார்க்கவில்லை. ஆனால் அவரை எழுப்பிய கணம் பதிவில் இருக்கிறது. அன்று காலையிலிருந்து மழை இல்லை. மிஸ்ட்டில் பெஞ்சு முழுவதும் நனைந்து கறுத்திருந்தது. அவர் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் உலர்ந்து, வெளுத்துக் கிடந்தது. எழுந்து போய்த் திரும்பி வந்தவர் உட்கார்ந்த இடம் அப்படி இருக்காது. அவரை இழுத்துப் போன பிறகு, சிறிது நேரத்தில், அந்த இடமும் கறுத்துவிட்டது.

மேலே சொன்னவை நான் கண்டவை, கேட்டவை. காணாததைக் கண்டதாகச் சொல்லவில்லை. எழுதியதைப் படித்துப் பார்த்து, சரியென்று கண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஹன்னா