ஐந்து மணி அட்டை

ஃபிரிட்ஜ் கதவில் காகிதம் ஒட்டும் பழக்கம் எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. இருந்தாலும் அமெரிக்காவில், சான் ரமோனில் என் மகன் கவின் வீட்டில் மூன்று வருடம் அதைப் பொறுத்துக்கொண்டேன்.

கவின் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஸ்க்ரம் மாஸ்டர். அதாவது, மற்றவர்கள் செய்யும் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று தினமும் நின்றுகொண்டு கேட்பது அவன் உத்தியோகம். ஊரில் விசாரிப்பவர்களிடம் இன்ஜினியர் என்றே சொல்லி வருகிறேன்.

என் மனைவி பவளத்துக்கு இதய வால்வு மாற்றியபின் அந்த முறையை வீட்டுக்குள் கொண்டுவந்தான். ரத்தம் உறையாமலிருக்க அவளுக்குத் தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒரு மாத்திரை. அவளுக்கு மறதி. கவினோ மருமகள் வெண்பாவோ, யாருக்கு மீட்டிங் இல்லையோ அவர் கொடுத்துவிட்டு, ஃபிரிட்ஜ் கதவிலிருக்கும் அட்டையை ‘முடிந்தது’ என்ற கட்டத்துக்கு நகர்த்த வேண்டும். காலையில் எல்லோரும் அடுப்படியில் நின்று, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம், என்ன தடை என்று ஒப்பிக்க வேண்டும்.

நான் பொதுப்பணித் துறையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுமுன் வேலை நடந்த இடத்துக்குப் போய் நாடா பிடித்துப் பார்ப்போம். இவர்கள் அட்டையைப் பார்ப்பார்கள்.

மார்ச் மாதம் ஒரு காலை கவின் வழக்கம்போல் சுற்றி வந்தான்.

“அம்மா, உங்களுக்கு ஏதாச்சும் பிளாக்கர் இருக்குதா?”

“அப்டீன்னா என்ன கண்ணு?”

“தடைம்மா. ஏதோ செய்யோணும்னு நெனைக்கறீங்க, முடியல. அந்த மாதிரி.”

பவளம் என்னைக் கைகாட்டினாள். “இதா நிக்கறாரே, இவருதான். எம்பட பூங்கோதைய ஒருக்கா பாக்கோணும்.”

வெண்பா சிரித்துவிட்டாள். கவின் சிரிக்கவில்லை.

பூங்கோதை எங்கள் மூத்த பெண். வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனதும் அவளுக்குக் கருமாதி செய்து தலைமுழுகினேன். இருபத்திரண்டு வருடமாகிறது. இங்குள்ள நம் மக்களிடம் காமாலையில் போய்விட்டாள் என்று சொல்லியிருக்கிறோம். கவின் ஒரு புது அட்டையில் ‘அக்காவை வரவழைப்பது’ என்று எழுதி ஒட்டினான். ஒரு வேலை எவ்வளவு கடினம் என்று எண் போடுவது அவர்கள் வழக்கம். அதற்கு எட்டு போட்டான். எங்கள் குடும்ப மானத்துக்கு எட்டு.

விசா நேர்காணல் ஜூலையில் என்று ஆயிற்று. அந்த அட்டையை நான் தொடவில்லை. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாத்திரை அட்டையை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. பூங்கோதை வருவது பவளத்தைப் பார்க்க. பவளம் இல்லையென்றால் அவளுக்கு இங்கே வேலை இல்லை.

ஜூன் முதல் தேதியிலிருந்து தினமும் நாலரை மணிக்கு மாத்திரை அட்டையை ‘முடிந்தது’ கட்டத்தில் வைத்தேன். வெண்பா கொடுத்துவிட்டாள் என்று கவின் போனான். கவின் கொடுத்துவிட்டான் என்று வெண்பா போனாள். புட்டியில் மாத்திரை குறையவில்லை. எண்ணிப் பார்க்கும் வேலைக்கு அட்டை இல்லை. ரத்தப் பரிசோதனை அட்டையையும் நானே நகர்த்தினேன். அது பற்றி ஆஸ்பத்திரியிலிருந்து போனில் விட்டிருந்த செய்தியை அழித்தேன். மறுநாள் காலை கவின், “எல்லாம் டன். சூப்பர்” என்று எங்களைப் பாராட்டினான்.

ஒருநாள் பவளம் கேட்டாள். “நான் இன்னிக்கு மாத்திர போட்டுட்டனாங்க?”

“போர்டைப் பாரு” என்றேன்.

பார்த்துவிட்டுத் திருப்தியாக வந்தாள்.

பத்தொன்பதாம் நாள் அவள் மூளையில் ரத்தம் உறைந்து அடைத்தது. இரண்டு நாள் இருந்தாள்.

காரியம் முடிந்த மறுநாள் அவர்கள் ரெட்ரோ வைத்தார்கள். ஒரு வேலை முடிந்தபின் எது சரி, எது தப்பு என்று கூடிப் பேசுவதற்கு அந்தப் பெயர்.

“யாரையும் பிளேம் பண்ணக் கூடாது. அது ரூல்” என்றான் கவின். “பிராசஸ்ல எங்க கேப்புன்னு மட்டும் பாப்போம்.”

“நீங்க குடுத்தீங்கன்னு நெனச்சேனுங்க.”

“நீ குடுத்தேன்னு நான் நெனச்சேன்.”

“அப்பறம் கார்டை நவுத்துனது யாரு?”

“வெண்பா, யாருங்கற கேள்வியே இங்க வேண்டாம்.”

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்; எங்கள் வீட்டில் பொய் சொல்லும் வழக்கம் இல்லை. இனிமேல் மாத்திரைக்குப் போனில் அலாரம் வைப்பது என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். யாருக்கு மாத்திரை என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன். யாரும் கேட்காததால் இப்போது நானே எழுதுகிறேன்.

அன்று மாலை கவின் போனை ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தான். பூங்கோதை. இனி விசா வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். கொஞ்ச நேரம் அழுதாள்.

“அப்பா, அம்மா கடைசியா என்னையக் கேட்டுச்சுங்களா?”

நினைவிருந்தவரை பவளம் வேறெதையும் கேட்கவில்லை.

“இல்லை” என்றேன்.

இதை வைத்து நான் அவளோடு பேசிவிட்டதாக யாரும் எழுதிவிட வேண்டாம். செத்தவர்களோடு எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.