பார்லர்க்காரியின் வலது கை

தையல்காரி: கண்ணாடியைப் பாரு! நல்லாப் பாரு! ஒரு பக்கம் காதைத் தாண்டித் தொங்குது, இன்னொரு பக்கம் காதுக்கு மேலயே நிக்குது. இதுக்குப் பேரு முடிவெட்டா?

பார்லர்க்காரி: கத்தாதே. தலையைக் கொஞ்சம் சாய்ச்சுப் பாரு, சரியா இருக்கும்.

தையல்காரி: அப்போ இனிமே நான் சாய்ஞ்சே நடக்கணுமா? பார்க்கிறவங்க எல்லாம் கழுத்து சுளுக்கிடுச்சான்னு கேட்கவா?

பார்லர்க்காரி: போன வாரம் நீ தைச்ச ஜாக்கெட்ல ஒரு கை குட்டை. நான் கத்தினேனா?

தையல்காரி: கத்தினே! பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டுச்சு!

தம்பி: அக்கா... என்ன சத்தம் இது? தெருக்கோடி வீட்டுல கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்துட்டு இருக்கேன், அங்க வரைக்கும் கேட்குது.

தையல்காரி: வாப்பா மீட்டர். உன் அக்கா என் தலையில என்ன பண்ணி வெச்சிருக்கான்னு நீயே ரீடிங் எடு.

தம்பி: ஐயோ.

பார்லர்க்காரி: என்னடா ஐயோ?

தம்பி: உன் கை மேல போகல. அதனால அவங்க தலையை உன் பக்கம் இழுத்து, சாய்ச்சு வெச்சு வெட்டியிருக்கே. அவங்க நிமிர்ந்ததும் கோணிடுச்சு. உண்மையா, இல்லையா?

தையல்காரி: ஏன்டி, கை மேல போகலையா?

பார்லர்க்காரி: போகும். அதுக்கு இஷ்டம் இருந்தா போகும்.

தம்பி: தோள் இறுகிப்போச்சு தையலக்கா. ஃப்ரோசன் ஷோல்டராம். மாசக்கணக்கா மறைச்சுட்டு இருக்கா.

பார்லர்க்காரி: போயும் போயும் இந்த ரேடியோகிட்ட சொல்லு! சாயங்காலத்துக்குள்ள ஊரே நலம் விசாரிக்க வரும்.

தையல்காரி: அதான் பார்த்தேன்! எப்பவும் பின்னால ஹூக் கேட்கிறவ, முன்னால வெச்சுத் தைச்சுக் குடுன்னு கேட்டப்பவே எனக்கு உறுத்துச்சு. இவளுக்கு ஃபேஷன் அலுத்துப்போச்சுன்னு நாலு பேர்கிட்ட சொல்லிக்கூட வெச்சேன்.

பார்லர்க்காரி: நாலு பேரா!

தையல்காரி: அவ்வளவு நீளப் பின்னலை வெட்டி கிராப் வெச்சுக்கிட்டியே, அதுவும் இதனாலதானா?

பார்லர்க்காரி: ஆமா. ஊருக்கெல்லாம் கொண்டை போட்டு விடுறவளால தன் தலையில ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக்க முடியல. சிரி. நல்லா சிரிச்சு முடிச்சுடு, அப்புறம் பேசலாம்.

தையல்காரி: சிரிக்கலடி... கொஞ்சம்தான் சிரிச்சேன்.

தம்பி: டாக்டர் ஆபரேஷன்னு சொல்லிட்டார். இவ கேட்க மாட்டேங்கிறா.

பார்லர்க்காரி: டாக்டர் என்ன சொன்னார்? முதல்ல ஒத்தடம், பயிற்சி, பொறுமை. நிறைய பேருக்கு அதுலயே தளர்ந்துடும், அப்படியும் தளரலன்னா கடைசியா ஆபரேஷனைப் பத்தி யோசிக்கலாம்னார். நீ அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் காதுல வாங்கிட்டு வந்துட்டே.

தம்பி: கடைசியில அதுதானே? அதை முதல்லயே பண்ணிக்கிட்டா என்ன?

பார்லர்க்காரி: கடைசியில எல்லாரும் போய்ச் சேரத்தான் போறோம். அதையும் முதல்லயே முடிச்சுடலாமா?

தம்பி: விளையாடாதே அக்கா. கடை வாடகை ஒப்பந்தம் என் பேர்ல இருக்கு. வருஷக் கடைசியில புதுப்பிக்கணும். செல்போன் கடைக்காரர் இப்பவே இந்த இடத்தைக் கேட்டு நச்சரிக்கிறார். உன் கை சரியாகலன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பார்லர்க்காரி: மிரட்டுறியா?

தம்பி: பயப்படுறேன். நீ வலியில முனகுறது என் அறை வரைக்கும் கேட்குது. எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது.

பார்லர்க்காரி: பஞ்சை வெச்சுக் காதை அடைச்சுக்கோ. என் கை, என் முனகல். கத்திரிக்கோல் பிடிச்சுப் பொழைக்கிறவ நான், என் மேல எப்போ கத்தி வைக்கிறதுன்னு நான்தான் சொல்லுவேன். வருஷக் கடைசிக்குள்ள இந்தக் கை என் தலைக்கு மேல நிக்கும். நிக்கலன்னா கடைச் சாவியை நானே உன்கிட்ட நீட்டுறேன், போதுமா?

தையல்காரி: குனிஞ்சு வாங்கிக்கோப்பா. ரொம்ப மேல நீட்ட முடியாது.

பார்லர்க்காரி: உன்னை...!

தையல்காரி: சரி சரி. என் தலைக்கு என்ன வழி?

பார்லர்க்காரி: அந்தப் பக்கத்தையும் குட்டையாக்கிடறேன். உட்காரு... நாற்காலியில இல்ல. தரையில.

*

தையல்காரி: உள்ள யாருடி அப்படி அலறினது? தெருவுல போன நாய் திரும்பி ஓடிடுச்சு.

பார்லர்க்காரி: பயிற்சி முடிஞ்சுது. தோளுக்குப் பயிற்சி குடுக்கிற ஃபிசியோ பொண்ணு இப்பத்தான் கிளம்பினா.

தையல்காரி: தெரியும். கிளினிக் முடிஞ்சு நேரா இங்கதான் வர்றா. நீ அவளுக்குச் சும்மா முடி வெட்டி விடுறே, அவ உனக்குச் சும்மா கையை முறுக்கி விடுறா.

பார்லர்க்காரி: முறுக்கலடி. முதல்ல வெந்நீர்ப் பை ஒத்தடம். அப்புறம் குனிஞ்சு நின்னு கையைத் தொங்க விட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டணும். அப்புறம் விரலால சுவர் ஏறணும்.

தையல்காரி: பார்த்தேன், பல்லி மாதிரி. பல்லியாவது ஒருநாள் மேல போய்ச் சேரும்.

பார்லர்க்காரி: ஜன்னல்ல எட்டிப் பார்க்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?

தையல்காரி: நான் எங்க பார்த்தேன்? என் கடை பக்கத்துச் சுவர்தானே, தண்ணி பிடிக்கப் போனேன், கண்ணு தானாத் திரும்புச்சு. அது சரி... முதுகுக்குப் பின்னால ஒரு துண்டைப் பிடிச்சு இழுக்கிறியே, அது என்னது?

பார்லர்க்காரி: நல்ல கை மேல இருந்து இழுக்கணும். இறுகின கை கீழ இருந்து கூடவே போகணும். மெதுவா. தாங்க முடியாம வலிச்சா நிறுத்திடணும்.

தையல்காரி: நிறுத்திடணுமா? ஓ...

பார்லர்க்காரி: பின்னே? முரட்டுத்தனமா இழுத்தா இன்னும் விறைச்சுக்குமாம். உனக்கெதுக்கு இவ்வளவு விவரம்?

தையல்காரி: நாலு பேர் கேட்டா சரியாச் சொல்லணும்ல.

தம்பி: அக்கா! அவங்க... கிளம்பிட்டாங்களா?

பார்லர்க்காரி: ஏன், சண்டை பாக்கி இருக்கா?

தம்பி: ஆபரேஷன் பத்தி ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கு நேத்து என்னைப் பார்த்து, "நீங்க எலும்பு டாக்டரா, மீட்டர் ரீடரா?"ன்னு கேட்டுட்டாங்க. யோசிச்சு யோசிச்சு இன்னைக்குத்தான் ஒரு பதில் கண்டுபிடிச்சேன்.

தையல்காரி: அதுக்கு எதுக்குப்பா இஸ்திரி போட்ட சட்டை?

தம்பி: இது... வேலைக்குப் போட்டது.

தையல்காரி: மீட்டர் பெட்டி முன்னாடி நிக்கிறதுக்கா இவ்வளவு மடிப்பு?

தம்பி: கை எவ்வளவு தூரம் போகுது, அதைச் சொல்லு அக்கா.

பார்லர்க்காரி: பேச்சை மாத்து. தோள் உயரம் வந்திருக்கு.

தம்பி: அது போதாது. வருஷக் கடைசி ஞாபகம் இருக்குல்ல?

பார்லர்க்காரி: எனக்கு யாரும் காலண்டர் காட்ட வேண்டாம். ஒருநாள் ஒரு விரல் ஏறும், மறுநாள் அதே விரல் இறங்கிடும். வெந்நீர் ஆறிப்போற மாதிரி மனசும் ஆறிப்போகும். மறுபடி சுட வெச்சுக்குவேன். இந்த வலி நேத்து வந்தது, நான் அதுக்கு முன்னாடியே இந்த உடம்புல குடியிருக்கேன். காலி பண்ண வேண்டியது அதுதான், நான் இல்ல.

*

தம்பி: வருஷக் கடைசி வந்துடுச்சு அக்கா. செல்போன் கடைக்காரர் வந்தாரா?

பார்லர்க்காரி: வந்தார். டேப்பை வெச்சு சுவரை அளந்தார். கண்ணாடியை எப்போ கழட்டுவீங்கன்னார். இந்தக் கடையில அளக்கிற உரிமை எனக்கு மட்டும்தான், அதுவும் முடியைத்தான்னு சொல்லி அனுப்பிட்டேன்.

தம்பி: கை?

பார்லர்க்காரி: காது வரைக்கும்தான். அதுக்கு மேல அடம்பிடிக்குது. ஆனா சாவி தர மாட்டேன்.

தையல்காரி: வாக்கு குடுத்தியேடி!

பார்லர்க்காரி: குடுத்தவ நான்தானே? திருப்பி வாங்கிக்கிட்டேன். வர்றவங்க அத்தனை பேரையும் தரையில உட்கார வெச்சு வெட்டினாலும் வெட்டுவேன், கடையை விட மாட்டேன்.

தம்பி: பரவாயில்ல அக்கா.

பார்லர்க்காரி: என்னது?

தம்பி: அவசரமில்ல. தோள் முழுசாத் தளர இன்னும் சில மாசம்கூட ஆகலாமாம். பொறுமையா இருக்கணும். ஒப்பந்தத்துல நான் போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டேன்.

தையல்காரி: ஆபரேஷன் ஆபரேஷன்னு குதிச்ச ஆளா இது? மீட்டர் பின்னாடி சுத்துதே!

தம்பி: அவங்க... விளக்கமா எடுத்துச் சொன்னாங்க.

தையல்காரி: எங்க உட்கார வெச்சு எடுத்துச் சொன்னாங்க?

தம்பி: டீக்கடையில. ஒரே ஒரு தடவை... இல்ல, சில தடவை.

பார்லர்க்காரி: ம். அப்புறம்?

தம்பி: அப்புறம் என்ன? அவங்களுக்கு வேற ஊர்ல பெரிய ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் போறாங்க.

பார்லர்க்காரி: அவ இதை உன்கிட்ட சொன்னப்போ எப்படிச் சொன்னா?

தம்பி: என் முகத்தையே பார்த்துக்கிட்டு.

பார்லர்க்காரி: அதுக்கு நீ என்ன சொன்னே?

தம்பி: வாழ்த்துகள்னு சொன்னேன்.

பார்லர்க்காரி: வாழ்த்துகளா? அடேய்!

தம்பி: வேற என்ன சொல்றது... அக்கா, அடிக்காதே... அக்கா! கை!

பார்லர்க்காரி: கைக்கு என்னடா?

தம்பி: தலைக்கு மேல நிக்குது!

தையல்காரி: அட, ஆமாம்! இறக்காதே, அப்படியே வெச்சுக்கோ! நான் தெருவைக் கூப்பிட்டு வர்றேன்!

பார்லர்க்காரி: இறக்கத்தான் போறேன், இவன் முதுகுல. எந்திரிச்சு ஓடுறா! அவகிட்ட போய் வேற வார்த்தை சொல்லிட்டு வா. சொல்லாம இந்தப் படி ஏறினே... கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தோட உன்னையும் சேர்த்து வெளிய போட்டுடுவேன்!

*

தையல்காரி: லாரி கிளம்பிடுச்சா?

பார்லர்க்காரி: கிளம்பிடுச்சு. தம்பிக்கும் அந்தப் பொண்ணுக்கும் கல்யாணம் முடிஞ்ச சூட்டோட குடித்தனத்தையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அவனுக்கும் அந்த ஊருக்கே மாற்றல் கிடைச்சுடுச்சு. லாரியில ஏறுற வரைக்கும் ரெண்டும் எந்தப் பெட்டியை முதல்ல ஏத்துறதுன்னு சண்டை.

தையல்காரி: அது போதும், நல்லாக் குடும்பம் நடத்துவாங்க. செல்போன் கடைக்காரர்?

பார்லர்க்காரி: அடுத்த தெருவுல கடை போட்டுட்டார். அவர் மனைவி முடி வெட்ட இங்கதான் வர்றா.

தையல்காரி: உனக்கு வீடு வெறிச்சுன்னு இருக்குமே.

பார்லர்க்காரி: இருக்கட்டும். முனகினா கேட்க ஆளில்ல. நல்லவேளை, முனகவும் ஒண்ணுமில்ல.

தையல்காரி: ஒண்ணு கேட்கவா? அன்னைக்கு அவனை அடிக்கக் கையை ஓங்கினியே... அதுதான் முதல் தடவை மேல போனதா?

பார்லர்க்காரி: பின்னே? கோபத்துல தன்னால போயிடுச்சு.

தையல்காரி: அப்படியா? அதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு மத்தியானம் ஸ்டூல் மேல ஏறி டியூப் லைட் மாத்தினியே. வலது கையால. பாட்டு வேற.

பார்லர்க்காரி: ...பார்த்துட்டியா?

தையல்காரி: பார்த்தேன்.

பார்லர்க்காரி: வேற என்னடி பண்றது? கை சரியாப் போச்சுன்னு சொன்னா அந்தப் பொண்ணு எதுக்கு வரப்போறா? அவ வரலன்னா இந்த மடையன் யார்கிட்ட போய்ச் சண்டை போடுவான்? அவன் கையெழுத்துப் போடாம போனாலும் போகட்டும்னு பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். நல்லா இருக்கிற கையைத் தூக்காம வெச்சிருக்கிறது இருக்கே... அப்பா! இறுகின வலியே தேவலை. அது சரி, நீ பார்த்தும் ஏன் வாயைத் திறக்கல? நீ! ரேடியோ!

தையல்காரி: உனக்குக் குணமாயிடுச்சுன்னு தெரிஞ்சா அவ வர்றது நின்னுடுமே. எனக்கும் இடது தோள் இறுகிப்போச்சுடி, உனக்கு வந்த கொஞ்ச நாள்லயே. மெஷின்ல உட்கார்ந்து தைக்கிறதுக்குக் கை மேல போக வேண்டாம், யாருக்கும் தெரியல. உன்னைப் பார்த்துச் சிரிச்ச வாயால நான் எப்படிச் சொல்லுவேன்? அவ உனக்குச் சொல்லிக் குடுத்ததை எல்லாம் பார்த்துப் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு நானும் செஞ்சேன். நீ லைட் மாத்தின அன்னைக்கு... எனக்கு இன்னும் பாதிக் கைதான் மேல போயிருந்துச்சு.