பால் சேர்க்காத மசியல்

உருளைக்கிழங்கைத் தோலோடுதான் வேகவைக்க வேண்டும். உரித்து நறுக்கிப் போட்டால் தண்ணீரைக் குடித்துவிடும், அப்புறம் என்ன மசித்தாலும் கஞ்சிதான். நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. மிக்சியில் போட்டு அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது போஸ்டர் ஒட்டத்தான் ஆகும். வெந்ததும் சூட்டோடு சூடாக உரித்து, மத்தின் அடியால் மெதுவாக அமுக்கி மசிக்க வேண்டும். ஊறவைத்த முந்திரிப் பருப்பை வெந்நீர் விட்டு, விரலில் திப்பி தட்டாத அளவுக்கு அரைத்து, அதையும் சூடாகவே கலக்க வேண்டும். உப்பு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான். சாப்பிடுகிறவர்கள் வெண்ணெயா, பாலாடையா என்று கேட்பார்கள். ஒரு துளி பால் இருக்காது.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள் மேடம். எனக்கு இதுதான் ஆரம்பம்.

என் பெயர் பூங்குழலி. உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் வீடு. பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரி ஆபீசில் வேலை. அரியலூரில் இறங்கி பஸ் மாற வேண்டும். என் வீட்டுக்காரர் பிரசாத் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். வீட்டில் இருக்கிற நாளைவிட ரோட்டில் இருக்கிற நாள்தான் அதிகம். கூட்டுக் குடும்பம். அவருடைய அண்ணன் செல்லமுத்து, அண்ணன் மனைவி வேணி, நாங்கள். வேணிக்கு இரண்டு பையன்கள், திருச்சியில் ஹாஸ்டலில் படிக்கிறார்கள். எனக்கு ஒரே பெண், சக்தி. நாலு வயது நடக்கிறது.

வேணி நல்லவள். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நல்லவளாக இருந்ததுதான் கஷ்டம். கெட்டவளாக இருந்திருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். நான் காலையில் கிளம்பும்போது சக்தி தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போது அவள் வேணியின் இடுப்பில் இருப்பாள். குளித்து, தலை சீவி, பொட்டு வைத்து, சாப்பிட்டு முடித்திருப்பாள். எனக்கென்று எதையும் மிச்சம் வைத்திருக்க மாட்டார்கள். ஒரு நாளாவது பிள்ளையை அழுக்காக விட்டு வைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு பையை வைப்பேன்.

வேணி ஒரு பசு வைத்திருந்தாள். சொசைட்டிக்கு ஊற்றியது போக மிச்சப் பால் எல்லாம் சக்திக்குத்தான். பால் சோறு, தயிர் சோறு, பாலாடை. பிள்ளை கொழுகொழுவென்று இருந்தாள். தெருவே அவளைத் தூக்கிக் கொஞ்சும். "வேணி கை ராசி" என்பார்கள். பெற்ற வயிற்றுக்கு ராசியில்லை போலிருக்கிறது.

சக்தி வேணியை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கேட்டுக் கேட்டு வரும் பழக்கம்தானே, மாறிவிடும் என்று இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், "இது யாரு பாப்பா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். சக்தி யோசிக்கவே இல்லை.

"இது பெரம்பலூரு அம்மா."

வீடே சிரித்தது. என் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். வேணி மட்டும், "சீ, அப்படிச் சொல்லக்கூடாதுடா தங்கம், அவங்கதான் அம்மா" என்று சொல்லிக்கொடுத்தாள். என் பிள்ளையிடம் என்னை அறிமுகம் செய்துவைத்தாள். நானும் சிரித்தேன். பொறாமை என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள், நான் அந்த வார்த்தைக்குப் பயப்படவில்லை.

அப்புறம் நடந்ததற்கு நான் காரணம் இல்லை. கொல்லையில் முந்திரிக்கொட்டை காயப்போட்டிருந்தது. எங்களுக்குக் கொஞ்சம் முந்திரிக்காடு உண்டு; வறுப்பது, உடைப்பது எல்லாம் வேணிதான். நீங்கள் இந்தப் பக்கம் இல்லை போலிருக்கிறது, அதனால் சொல்கிறேன். வறுக்காத கொட்டையின் தோட்டில் ஒரு எண்ணெய் கசியும். பட்ட இடம் சிவந்து, கொப்பளித்து, கறுத்து உரியும். வேணி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளாமல் அதைத் தொட மாட்டாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பால். "பாத்துடி, பால் பட்டுறப்போவுது" என்பாள். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அந்தப் பாலால் கையில் பெயர் எழுதிக்கொள்வோம். செத்தா போனோம்.

அன்று நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது சக்தியின் உதடு வீங்கியிருந்தது. வேணி தலைவிரிகோலமாக அழுதுகொண்டிருந்தாள்.

"பால்தான் குடிச்சா குழலி, வேற ஒண்ணுமே தரலியே. தூங்கி எந்திரிச்சா இப்படி இருக்கா."

நான் பிள்ளையின் துணி எடுக்க உள்ளே போனேன். கட்டிலுக்கு அடியில் ஒரு பச்சைக் கொட்டை கிடந்தது. அதில் சின்னச் சின்னப் பல் தடம். கையில் எடுத்துப் பார்த்தேன். பிறகு ஜன்னல் வழியாக வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். அரியலூரில் டாக்டர், பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். வேணி விம்மிக்கொண்டிருந்தாள். நான்தான் பதில் சொன்னேன்.

"பால் சார்."

அதில் என்ன பொய் இருக்கிறது?

கொஞ்ச நாள் பால் சம்பந்தப்பட்ட எதையும் கொடுக்காதீர்கள், பிறகு மறுபடி கொடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். நான் லீவு போட்டேன். சக்தி பாலாடை இல்லாமல் எதையும் தின்ன மாட்டேன் என்று அழுதாள். வெண்ணெய், கிரீம் எல்லாம் போட்டு உருளைக்கிழங்கை மசிக்கிறதைப் பஸ்ஸில் வரும்போது போனில் பார்த்திருந்தேன். அதையே பாலில்லாமல் முந்திரிப் பருப்பை வைத்துப் பண்ணினேன். முதல் தடவை பசையாகிவிட்டது. இரண்டாம் தடவை புதுக் கிழங்கு, நீர்த்துப்போனது. மூன்றாம் தடவை பழைய கிழங்கு வாங்கித் தோலோடு வேகவைத்தேன். சக்தி ஒரு வாய் வாங்கினாள். கண்ணை உருட்டி என்னைப் பார்த்தாள். "இன்னும்" என்றாள். என் கையால் ஊட்டி என் பிள்ளை சாப்பிட்டது அன்றுதான் மேடம். மடியில் உட்கார்ந்து, என் விரலைச் சப்பி. உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று எனக்குத் தெரியாது. உண்டென்றால் நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

லீவு முடிந்தது. டாக்டர் சொன்ன நாளும் வந்தது. வேணி பூரித்துப்போய், ஒரு டம்ளர் பாலை ஆற்றி எடுத்துவந்து பிள்ளைக்குக் கொடுத்தாள். சக்தி குடித்துவிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் மசியல் அடுப்பங்கரையில் ஆறிக்கொண்டிருந்தது.

நான் கொல்லைக்குப் போனேன். ஒரு கொட்டையை நறுக்கினேன். பிள்ளையைத் தூக்கி, வாயைத் துடைத்துவிடுகிற மாதிரி, உதட்டோரத்தில் விரலால் ஒரு இழுப்பு. அவ்வளவுதான். என் விரலும்தான் வெந்தது. அதை யாரும் கேட்கவில்லை. ஆபீசில் கேட்டவர்களிடம் ஸ்டாம்ப் மை என்றேன்.

மறுபடி உதடு வீங்கியது. அதோடு பால் நின்றது. திருச்சிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார் டாக்டர். லீவு இல்லை என்று நான் தள்ளிப்போட்டேன். வேணி யாரும் சொல்லாமலே பசுவை விற்றாள். லாரியில் ஏற்றும்போது அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு என்னிடம் வந்து, "எம் புள்ளைக்கு ஆவாதது இந்த வூட்டுல எதுக்குடி" என்றாள். எம் புள்ளை என்றாள். பசு போனது வருத்தம்தான், நல்ல பசு. அந்த வார்த்தையைக் கேட்டதும் வருத்தம் போய்விட்டது.

பிறகு அவள் கேட்டாள்: "பகல்ல நீ இல்லாதப்ப பசியில துடிக்கிறா. அந்த மசியல எனக்கும் சொல்லிக் குடு."

சொல்லிக்கொடுத்தேன். என்னை என்னவென்று நினைக்கிறீர்கள், பிள்ளையைப் பட்டினி போடுகிறவள் என்றா? எல்லாம் சொன்னேன். பருப்பை வெந்நீர் விட்டு அரைப்பதை மட்டும் சொல்லவில்லை. பச்சைத் தண்ணீரில் அரைத்தால் மசியல் கொஞ்சம் கரகரவென்று வரும், அவ்வளவுதான். சமையல் செய்கிற யாரும் ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொள்வார்கள்.

வேணி அதைத் தானாகவே கண்டுபிடித்தாள். அது மட்டும் இல்லை, பருப்பை அம்மியில் அரைத்தாள், இளஞ்சூட்டில் வறுத்த பருப்பு கொஞ்சம் சேர்த்தாள். நான் ருசி பார்த்தேன். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பண்ணி ஊட்டியபோது சக்தி ஒரு வாய் வாங்கிவிட்டுத் துப்பினாள்.

"அம்மா பண்ணுறது மாதிரி இல்ல."

நான் பாலை நிறுத்தி, லீவு போட்டு, கை வெந்து சம்பாதித்தது அது ஒன்றுதான் மேடம். அதையும் அவள் எடுத்துக்கொண்டாள். கேட்காமல் எடுத்திருந்தால் திருட்டு என்று சொல்லியிருப்பேன். கேட்டு வாங்கிக்கொண்டு எடுத்தாள்.

ஒரு வாரம் போனது. பிறகு ஒரு விடுமுறை நாள், வேணி மசித்து வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். சக்தியின் கிண்ணம் தனியாக இருந்தது. நான் அதில் என்ன கலந்தேன் என்று உங்கள் பேப்பரில் ஏற்கெனவே இருக்கிறது. கொஞ்சம்தான். உதட்டில் தடவினால் உதடு வீங்கும், அதேபோலக் கொஞ்சம் வீங்கும், வேணியின் மசியலும் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆகும், அவ்வளவுதான் நினைத்தேன். தொண்டை வரைக்கும் போகும் என்று நான் நினைக்கவில்லை. வேணி திரும்பி வந்து, கிண்ணத்தை எடுத்து, ஊதி ஊதி ஊட்டினாள். நான் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்சில் திருச்சிக்குப் போகிற வழியெல்லாம் பிள்ளை மூச்சுக்கு இழுத்தாள். அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது. நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலை வேணியின் மடியில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் வேணி தானாகவே பழியை ஏற்றுக்கொண்டாள். "நாந்தான் பருப்ப சரியா சுத்தம் பண்ணல போல. தோட்டுத் துணுக்கு விழுந்துருக்கும். என்னிய அடிங்க" என்றாள். செல்லமுத்து மாமா அடித்தார். எல்லார் முன்னாலும், கன்னத்தில். நான்தான் எழுந்து போய், "விடுங்க மாமா, அக்கா வேணும்னா பண்ணுனாங்க?" என்று தடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிள்ளை பிழைத்தாள். ரத்தப் பரிசோதனையில் பால் ஒவ்வாமை இல்லை என்று வந்ததாம். தொண்டை ஆறியதும் நர்ஸ் ஒரு கப்பில் பால் கொண்டுவந்தார். சக்தி இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள்.

"பால் காந்தும்."

"ஆறிருச்சுடா, காந்தாது" என்றார் நர்ஸ்.

"இது இல்ல. அம்மா தடவுற பால்."

நர்ஸுக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரருக்கும் புரியவில்லை. அந்த அறையில் அது எந்தப் பால் என்று புரிந்துகொண்டவர்கள் இரண்டு பேர்தான். வேணி கட்டிலருகே குனிந்து, "எந்த அம்மாடா?" என்று கேட்டாள்.

"பெரம்பலூரு அம்மா."

வேணி கத்தவில்லை. என் வலது கையை எடுத்து, விரலைத் திருப்பி, வெளிச்சத்தில் பார்த்தாள். நுனித்தோல் கறுத்து உரிந்திருந்தது. வாழ்நாளெல்லாம் கொட்டை உடைத்தவளிடம் ஸ்டாம்ப் மை என்று சொல்ல முடியுமா? என் கையை விடாமலே கேட்டாள்.

"அத எம் மூஞ்சில தடவியிருக்கலாமேடி."

அதற்குப் பதிலை உங்களிடம் சொல்கிறேன். அவள் முகத்தில் தடவினால் பிள்ளை அவளுக்காக அழும். எனக்கு அது எதற்கு?

சரி. கொட்டையை எறிந்தது நான். உதட்டில் தடவியது நான். கிண்ணத்தில் கலந்தது நான். வேணிக்கு இதில் சம்பந்தம் இல்லை, யாரும் என்னைத் தூண்டவில்லை, புத்தி தெளிவாகத்தான் செய்தேன். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

நீங்கள் வருத்தப்படுகிறாயா என்று கேட்டீர்கள். என் வருத்தம் வேறு. சக்தியை வேணியிடம் விட்டுவைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் பால் வாங்கி, காலையும் சாயங்காலமும் கொடுக்கிறாளாம். பிள்ளையும் வாங்கி வாங்கிக் குடிக்கிறாளாம். என் வீட்டுக்காரர் இதை என்னிடம் சந்தோஷமாக வந்து சொல்லிவிட்டுப் போகிறார். பரிசோதனை, பேப்பர் எல்லாம் இருக்கட்டும். ஆள் அனுப்பி அதை நிறுத்தச் சொல்லுங்கள் மேடம். என் பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. பெற்றவள் எனக்குத் தெரியாதா?